காதுக்கு ஒன்று, கைக்கு ஒன்று: 150,000 வெள்ளியில் முதல் ஸ்போர்ட்ஸ் காடி

தம்பி தீபாவளிக்கு வந்திருந்தான். முறுக்குத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கைப்பேசியை என் முன்னால் வைத்தான். அதில் நான்கு காடிகளின் விளம்பரம்.

"அக்கா, கணக்குப் பார்க்கிறது உன் வேலை. இதுல எதுன்னு நீயே சொல்லு. 150,000 வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு இல்ல."

அவனுக்கு 36 வயது. பூச்சோங்கில் அடுக்குமாடி வீடு, அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் கடன், மூன்று வயதில் ஒரு மகள், தினமும் வேலைக்குப் போய்வர ஒரு மைவி, சின்ன உள்ளூர்க் காடி. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய காடி அவனுக்கு எந்த வகையிலும் தேவையில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆசைக்கும் தேவைக்கும் என்ன சம்பந்தம்? (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பேச்சில் கார் என்றால் காடி, ரிங்கிட் என்றால் வெள்ளி. இரண்டு பத்தி தாண்டினால் பழகிவிடும்.)

அவன் பட்டியல் இதுதான். 2017 மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப். 2016 டொயோட்டா 86. 2009 போர்ஷே பாக்ஸ்டர். நான்காவது, 2000-ஆம் ஆண்டு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. முதல் மூன்றும் கைமாறிய விலையில் அவன் பணத்துக்குள் அடங்கிவிடும். சத்ரியா அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

குதிரைசக்தியை ஒப்பிடுவதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டேன். "முதன்முதல்ல எந்தக் காடியைப் பார்த்து இந்தக் கிறுக்கு வந்துச்சு?"

"பார்க்கலக்கா. கேட்டேன்."

எனக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. அப்போது சாலாக் திங்கி பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருந்தோம். 1999 அக்டோபர். செப்பாங் ஓடுதளம் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலேசியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே. டிக்கெட் வாங்க எங்களுக்கு வழியேது. ஞாயிற்றுக்கிழமை மதியம், செம்பனை ஓலைகளுக்கு மேலாக ஒரு ஓலம் வந்தது. தேனீக்கூட்டம்போலத் தொடங்கி, கிழிந்து, இறங்கி, மறுபடி ஏறியது. அப்பா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். அப்போதைய பந்தயக் காடிகள் எல்லாமே மூன்று லிட்டர், பத்து சிலிண்டர். காலொடிந்து ஓய்விலிருந்த ஷூமாக்கர் திரும்பி வந்த பந்தயம், எடி இர்வைன் ஜெயித்த பந்தயம் என்பதெல்லாம் மறுநாள் பேப்பரில்தான் தெரியும். தம்பிக்கு அப்போது பத்து வயது. சத்தம் நின்ற பிறகும் வேலியோரமாகவே நின்றுகொண்டிருந்தான்.

என் கதை வேறு. நான் ஓட்டக் கற்றது அப்பாவின் டத்சன் 120ஒய்யில். பவர் ஸ்டீயரிங் கிடையாது. செம்மண் சாலையில் ஒரு கல் ஏறினால் அது உள்ளங்கையில் தெரியும். இன்றைக்கு நான் ஓட்டும் காடியில் எல்லாமே பஞ்சு மெத்தை. கை எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது.

அவனை இழுத்தது காது, என்னை இழுத்தது கை. மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு, அவர்களை இழுப்பது கண், அதாவது அடுத்தவர் கண். கல்யாண மண்டப வாசலில் இறங்கும்போது எத்தனை தலை திரும்புகிறது என்ற கணக்கு. அதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. நம்மவர்கள் நம்பர் பிளேட்டின் கூட்டுத்தொகைக்கே ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள். ஆனால் கண்ணுக்காக வாங்கிய காடி ஓட்டுகிறவனுக்கு ஆறே மாதத்தில் அலுத்துவிடும் என்பது என் கட்சி. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் காடி தெரிவதில்லையே. அதனால் அழகை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மாஸ்டாவிலிருந்து தொடங்கலாம். எம்எக்ஸ்-5 வந்தது 1989-இல். இரண்டு இருக்கை, சின்ன எஞ்சின், திறந்த மூடி, பின்சக்கர ஓட்டம். பிரிட்டிஷ்காரர்கள் கைவிட்டிருந்த ஒரு வகையை ஹிரோஷிமாக்காரர்கள் ஒழுங்காகச் செய்து காட்டினார்கள், அவ்வளவுதான். 2016-இல் பத்து லட்சமாவது காடி வெளியே வந்தது. அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'ஜின்பா இத்தாய்', குதிரையும் வீரனும் ஓருடல். விளம்பர வாசகம் என்று ஒதுக்கத்தான் நினைத்தேன். பத்துமலையிலிருந்து உலு யாமுக்கு அணைக்கட்டு ஓரமாகப் போகும் சாலையில், விடியற்காலை, அறுபதுக்கு மேல் போகாமலே ஓட்டிப் பார்த்தேன். வளைவுக்குள் திருப்பும்போது என் இடுப்புக்குக் கீழேயே காடி திரும்பியது. 2017 மாடலில் 160 குதிரைசக்திதான். எடையும் சுமார் 1,100 கிலோதான் என்பதால் குறைவாகத் தோன்றவில்லை. கியர்க்கோல் மணிக்கட்டளவு தூரமே நகர்கிறது.

ஆர்எஃப் மாடலின் கூரை மடிந்து உள்ளே போக 13 விநாடி. துணிக்கூரையை நம் வெயிலில் நிறுத்திவைப்பதைவிட இது நிம்மதி. ஆனால் கோலாலம்பூரில் கூரையை எப்போது திறப்பது? காலை எட்டரைக்குப் பிறகு மண்டை காய்ந்துவிடும், நாலு மணிக்கு மழை, மாலை முழுக்க லாரிப் புகை. மிஞ்சுவது விடியலும் ராத்திரியும். ஒரு ராத்திரி ஜாலான் அம்பாங்கில் சிவப்பு விளக்கில் நின்றபடி அண்ணாந்து பார்த்தேன். 452 மீட்டர் இரட்டைக் கோபுரம் முழுசாக என் மடியில் விழுவதுபோல இருந்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த பையன் "காக், பெராப்பா ஹார்கா?" என்று விலை கேட்டான். பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

குறைகளும் உண்டு. இந்தத் தலைமுறையின் முதல் சில வருடக் காடிகளில் மெனுவல் கியர்பெட்டி பற்றிப் புகார்கள் இருந்தன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் மூன்று கியரையும் போட்டுப் பாருங்கள், கரகரப்பு வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆறடி ஆளுக்கு உள்ளே கஷ்டம். சாமான் வைக்குமிடம் ஒரு வாரக் காய்கறிக்குச் சரி, அரிசி மூட்டையும் சேர்ந்தால் இடிக்கும்.

டொயோட்டா 86. 1980-களின் ஏஇ86 காடியின் பேரை வைத்துக்கொண்டு 2012-இல் சுபாருவோடு சேர்ந்து செய்தது. எஞ்சின் சுபாருவின் படுத்தவாக்கு நாலு சிலிண்டர். சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமும் 86 மில்லிமீட்டர். பேருக்காகக் கணக்கா, கணக்குக்காகப் பேரா என்று வாகனப் பிரியர்கள் இன்னும் மாமாக் டீக்கடையில் வாதாடுகிறார்கள். 200 குதிரைசக்தி. வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த சாதாரண டயரைப் போட்டு அனுப்பினார்கள், குறைந்த வேகத்திலேயே காடியின் பின்புறம் விளையாட வேண்டும் என்பதற்காக. மழைக்கால கோலாலம்பூரில் அந்த விளையாட்டைத் தெரிந்தவர்கள் விளையாடிக்கொள்ளட்டும்.

இதன் பெரிய பலம் பின்னால் இருக்கும் இரண்டு இருக்கைகள். பெரியவர்கள் உட்கார முடியாது, ஆனால் குழந்தை நாற்காலி எப்படியோ நுழைகிறது. மனைவியிடம் அனுமதி வாங்கும் கூட்டத்தில் இந்த ஒரு வரி வேலை செய்யும். ஃபோர்மன்களுக்கும், அதாவது மெக்கானிக்குகளுக்கும், பழகிய காடி, உதிரிபாகம் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2012, 2013 தயாரிப்புகளில் பலவற்றுக்கு வால்வு ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி 2018-இல் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. அந்த வருடக் காடி என்றால் சாசி எண்ணை வைத்து, மாற்றியாயிற்றா, யார் மாற்றியது என்று கேளுங்கள். இன்னொரு விஷயம், சந்தையில் கிடைக்கும் பாதிக் காடிகள் யாராவது நோண்டியவை. புகைபோக்கி, சஸ்பென்ஷன், எஞ்சின் கணினி எல்லாம் மாற்றி, விற்கும்போது பழைய சாமானைப் போட்டுக் கழுவி நிறுத்துவார்கள். நோண்டாத காடிக்குப் பத்தாயிரம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எனக்கு 86 பிடித்தது. ஆனால் நாலாயிரம் சுற்றில் ஒரு சோர்வு தெரிகிறது. சத்தமோ, தம்பி சொன்ன மாதிரி, "மிக்ஸில தேங்கா அரைக்கிற மாதிரி."

சத்ரியா ஜிடிஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனசு வராது. 1996-இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கியது. அந்த உறவில் பிறந்த குழந்தை இது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின், 140-ஐ ஒட்டிய குதிரைசக்தி, பின்பக்கம் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்று ஒரு சின்ன எழுத்து. தொண்ணூறுகளின் கடைசியில் செந்தூலிலும் கிள்ளானிலும் இருந்த ஒவ்வொரு இளைஞனும் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்திருப்பான். லோட்டஸ் 2017-இல் சீனத்து ஜீலியிடம் போய்விட்டது. எழுத்து மட்டும் இன்னும் சில காடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில காடிகளில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ முகத்தை மாட்டி விற்பது இங்கே குடிசைத் தொழில். பதிவுப் புத்தகத்தில் மாடல் பெயரைப் பாருங்கள், எஞ்சின் எண் 4ஜி93-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள், சாசி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாங்கள் ராவாங்கில் பார்த்ததில் பதிவு சரியாகவே இருந்தது. தம்பி பின் சக்கர வளைவுக்குள் விரலை விட்டான். விரல் உள்ளே போய்விட்டது. துரு. எடுத்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டான்.

எஞ்சின் கெட்டால் கவலையில்லை, பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதது ஜிடிஐக்கென்றே செய்த பம்பர், உள் அலங்காரம், இருக்கை. 25 வருடக் காடிக்கு வங்கி கடன் தராது, முழு ரொக்கம். முழுக் காப்புறுதி கிடைப்பதும் சிரமம். ஒரே காடியாக வைத்திருக்க லாயக்கில்லை. ஏற்கெனவே ஒரு மைவி இருக்கிற, சனிக்கிழமை கையழுக்காக்கப் பிடிக்கிற ஆளுக்கு இந்த நாலில் மலிவான சந்தோஷம் இதுதான்.

இனி பாக்ஸ்டர். படுத்தவாக்கு எஞ்சினுக்கு 'பாக்ஸர்', திறந்த இரண்டு இருக்கைக் காடிக்கு 'ரோட்ஸ்டர்', இரண்டையும் ஒட்டிப் பேர் வைத்தார்கள். 1996-இல் வந்தது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது, ஆறு சிலிண்டர். மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஒரு சாமான் பெட்டி, பின்னால் ஒரு சாமான் பெட்டி. நாலு காடியில் மளிகைக்கு வசதி எது என்றால், சிரிக்காதீர்கள், இதுதான்.

பாக்ஸ்டர் என்றதும் எல்லாரும் பயமுறுத்துவது ஐஎம்எஸ் பேரிங். எஞ்சினுக்குள் ஒரு இடைத்தண்டு, அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து உடைந்தால் எஞ்சின் மொத்தமும் போச்சு. 1996 முதல் 2008 வரையான காடிகளுக்கு இந்தப் பயம் உண்டு, எல்லா வருடத்துக்கும் ஒரே அளவில் இல்லை. 2009-இல் எஞ்சினையே மாற்றி வடிவமைத்தார்கள், அந்த இடைத்தண்டே இல்லை. விளம்பரத்தில் 2008, 2009 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், முகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை வித்தியாசத்தைப் பார்த்து 2008-ஐ வாங்குகிறவர்கள் தூக்கத்தை விற்கிறார்கள். இங்கே இன்னொரு சிக்கல், பதிவு செய்த வருடமும் தயாரித்த வருடமும் வேறாக இருக்கலாம். ரீகோண்டாக, அதாவது வெளிநாட்டில் ஓடியதை இங்கே இறக்கியவற்றில், இது சகஜம். தயாரித்த வருடம்தான் கணக்கு.

இப்போது என் இஷ்டமான பகுதி, சாலை வரி. தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 1,600 சி.சி. வரை ஆண்டுக்கு அதிகபட்சம் 90 வெள்ளி. 2,000 சி.சி. வரை மெதுவாக ஏறும். 2,500-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு சி.சி.க்கும் கூடுதலாக இரண்டரை வெள்ளி, 3,000-ஐத் தாண்டினால் நாலரை வெள்ளி. சத்ரியாவின் 1,834 சி.சி.க்கு 297 வெள்ளி. மாஸ்டா, டொயோட்டா இரண்டும் 1,998 சி.சி., ஆளுக்கு 379 வெள்ளி. 2009 பாக்ஸ்டர் 2.9-இன் 2,893 சி.சி.க்கு 1,862 வெள்ளி 50 காசு. அதே வருட பாக்ஸ்டர் எஸ், 3,436 சி.சி., 4,092 வெள்ளி! வெறும் 543 சி.சி.க்கு இரண்டு மடங்குக்கு மேல். எஸ் என்ற ஓர் எழுத்துக்கு வருடா வருடம் 2,200 வெள்ளி கொடுக்க வேண்டாம் என்று அன்றைக்கே அடித்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் 2016-இல் வந்த புது பாக்ஸ்டருக்கு 1,988 சி.சி. டர்போ எஞ்சின். 300 குதிரைசக்தி, சாலை வரி 374 வெள்ளி, மாஸ்டாவைவிடக் குறைவு. விலை நம் எல்லைக்கு அப்பால் என்பது ஒரு புறமிருக்கட்டும், அது நாலு சிலிண்டர். தம்பி காணொளியில் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

பெட்ரோலில், முதல் மூன்றில் மாஸ்டா ஒன்றுதான் 95 ஆக்டேனைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய சலுகை விலையான லிட்டர் 1.99 வெள்ளி 95-க்குத்தான். 86-உம் பாக்ஸ்டரும் 97 கேட்கிற ஜாதி, அதற்குச் சந்தை விலை.

காப்புறுதியில் நிறைய பேர் தவறவிடும் ஒரு வழி இருக்கிறது. இழப்பீடு கோராமல் ஐந்து வருடம் ஓட்டினால் 55 விழுக்காடு கழிவு கிடைக்கும், தெரிந்ததுதான். அந்தக் கழிவு ஒரு நேரத்தில் ஒரு காடிக்குத்தான். இரண்டாவது காடி வாங்கினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தம்பியின் 55 விழுக்காடு மைவியில் கிடந்தது. மைவியின் சந்தாவோ சின்னது. கழிவை ஸ்போர்ட்ஸ் காடிக்கு மாற்றிவிட்டு மைவியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். இரண்டும் அவன் பெயரில்தான் இருக்கின்றன, முறைப்படி செய்யலாம். மிச்சமாகும் தொகையில் பாக்ஸ்டரின் சாலை வரியே கட்டிவிடலாம் போலிருந்தது.

கடனைப் பொறுத்தவரை, வங்கி காடியின் வயதையும் தவணை ஆண்டுகளையும் கூட்டிப் பார்க்கும். 2017 மாஸ்டாவுக்கு நீண்ட தவணை எளிது. 2009 பாக்ஸ்டருக்குக் குறுகிய தவணை, பெரிய முன்பணம். தம்பி பாதிக்கு மேல் ரொக்கம் சேர்த்து வைத்திருந்ததால் பிழைத்தான். ஒன்பது வருடத் தவணையில் பதினாறு வருடக் காடி வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

வேகத்தைப் பற்றி நான் பேசவேயில்லை என்று தோன்றும். நெடுஞ்சாலையில் உச்சம் 110. கேமராவில் விழுந்தால் 300 வெள்ளி வரை சம்மன். இந்த நாலும் மூன்றாவது கியரிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் காராக் ஏற்றத்தில் வலது பக்கம் ஒரு மைவி உங்களைத் தாண்டிப் போகும், அது இந்த நாட்டின் இயற்கை விதி. முழு வேகம் வேண்டுமென்றால் செப்பாங்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் போய் 5.543 கி.மீ. சுற்றிவிட்டு வரலாம்.

ஆக என் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. எனக்காக வாங்குவதென்றால் மாஸ்டா, மறுபேச்சில்லை. குழந்தை நாற்காலி வைத்தே ஆகவேண்டும் என்றால் 86. தம்பிக்கு இந்த இரண்டில் எதை வாங்கினாலும் ஒரு வருடத்தில் மறுபடி விளம்பரம் பார்க்கத் தொடங்குவான். அவனுக்கு வேண்டியது செம்பனைக்கு மேலே வந்த அந்த ஓலத்தின் ஒரு துண்டு. அதை இந்தப் பணத்துக்குள் தரக்கூடியது ஆறு சிலிண்டர் பாக்ஸ்டர் மட்டும்தான்.

கிளென்மாரியில் ஒரு 2009 காடி பார்த்தோம். விற்பனையாளர் எங்களுக்காக எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. சூடான எஞ்சின் பொய் சொல்லும். மறுநாள் காலை ஏழரைக்கு, அவர் வருவதற்கு முன்பே போய் வாசலில் நின்றோம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியபோது முதுகுப்புறம் ஒரு உறுமல், பிறகு சீராக இறங்கியது. தட்டல் இல்லை, நீலப் புகை இல்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததில் எஞ்சினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் லேசாக எண்ணெய் கசிந்திருந்தது. அதைக் காட்டி விலையில் நாலாயிரம் குறைத்தோம். சிலிண்டருக்குள் சின்னக் கேமராவை விட்டுக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வெளி ஃபோர்மன் ஒருவரை ஏற்பாடு செய்தோம். பார்த்து முடிக்கும்வரை முன்பணம் 2,000 மட்டும், கீறல் இருந்தால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

அதே காடியை அவன் வீட்டு வாகன நிறுத்துமிடத்துக்கும் ஒருமுறை ஓட்டிப்போகக் கேட்டோம். மூன்றாம் மாடிச் சரிவில் நேராக ஏறியபோது முன்னுதடு 'கர்ர்ர்' என்றது. பின்வாங்கிக் குறுக்காக ஏற்றினான், தொடவில்லை. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் இதற்குள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். தினமும் இது உண்டு என்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான், காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அம்மாவை அழைத்துவந்து காட்டினான். இரண்டே இருக்கை என்றதும் "நான் எங்க உட்கார்றது?" என்று கேட்பாள் என்று பதிலெல்லாம் தயாரித்து வைத்திருந்தான். அவள் கேட்கவில்லை. முன் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். தம்பி சாவியைத் திருப்பினான். கொஞ்சநேரம் பொறுத்திருந்து அவன் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எல்லாம் சரிதான்டா. இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"